பங்கு போட்ட படம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், இல்லாவிட்டால் அப்பாவுக்கு வழக்கம்போல மூக்குமேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, கிளம்ப மனசில்லாமல் நிற்கிற பஸ்ஸையெல்லாம் மைக்கில் திட்டித் திட்டியே கிளப்பியவன் நான். எனக்கு வாயடைத்துப் போவது அபூர்வம். நீ கேட்ட கேள்வி அடைத்துவிட்டது. "மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வைக்கிறாங்கப்பா. பொண்ணு வீட்டுல அவங்க அம்மா அப்பா பழைய வீடியோல்லாம் குடுத்துட்டாங்க. நம்ம அம்மா வீடியோ ஏதாவது இருக்கா? அஞ்சு செகண்டு இருந்தாக்கூடப் போதும்" என்றாய். புனேவில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாய்! பதிலைப் போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பேப்பரில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கூடத்தில் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே ஒரு படம், பரீட்சைக்கும் இண்டர்வியூவுக்கும் போகும்போதெல்லாம் நீ கும்பிட்டுவிட்டுப் போனாயே, அது உன் அம்மா மாதிரியே இருக்காது. அவள் போன பிறகு, யாரோ வீட்டு விசேஷத்தில் எடுத்த குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நகத்தளவு தெரிந்த முகத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கியதும் கண்ணும் மூக்கும் கலைந்துபோய்விட்டன. ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷன், புருவம் வரைந்தார், உதடு வரைந்தார், மூக்குத்திகூட வைத்தார். உன் அம்மா மூக்குக் குத்திக்கொள்ளவே இல்லை. எங்கள் கல்யாண போட்டோவில் தலையைக் குனிந்தபடி இருக்கிறாள், பாதி முகத்தை மாலை மறைக்கிறது. வீடியோ எடுக்கலாம் என்றதற்கு உன் தாத்தா, "வெட்டிச் செலவு, நாங்கள்லாம் வீடியோ எடுத்தா கட்டிக்கினோம்?" என்று முடித்துவிட்டார். ஆக, நீ இத்தனை வருடமாகக் கும்பிட்டது பாதி உன் அம்மாவை, பாதி அந்த ஸ்டுடியோக்காரரை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் மனசு வரவில்லை.

ஆனால் அவள் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள். மல்லாட்டைத் திருடன் கதை என்று சின்ன வயதில் உனக்குச் சோறு ஊட்டும்போது சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? மீசை வைத்த திருடன் வேர்க்கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், ஊரே துரத்தும். நான் கட்டிய கதை என்று நினைத்திருப்பாய். இல்லை. அது படம். அதில் திருடன் உன் அம்மா.

உன் அம்மாவின் தாய்மாமா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள், நாங்களும் சொல்தா மாமா என்றே கூப்பிட்டோம். எங்களுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் பொங்கலுக்குத் திண்டிவனத்தில் நம் வீட்டுக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு கேமரா. உலகமெல்லாம் வீடியோவுக்கு மாறிவிட்டது, இவர் மட்டும் விரல் அகலம்கூட இல்லாத பிலிம் சுருள் போட்டு ஓட்டுகிற பழைய கேமராவைக் கட்டிக்கொண்டு அழுதார். அது சத்தம் பிடிக்காது. பிலிமைக் கழுவுவதற்குக்கூட பிரான்சுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். "சத்தம் வராது, அதனால யாரும் வசனம் பேசித் தொலைக்காதீங்க. ஓடுங்க, கீழ உழுங்க, அடிச்சிக்கோங்க. சிரிப்புப் படம் எடுக்கப் போறேன்" என்றார். வீட்டுக்குப் பின்னால் களம் முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதனால் மல்லாட்டைத் திருடன் கதை. திருடனாக நடிக்க வேண்டிய பக்கத்து வீட்டு ஆள் பொங்கலை அளவில்லாமல் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். எல்லோரும் முழித்தோம். அப்போது உள்ளேயிருந்து, "நான் ஓடறேன் மாமா" என்று ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் பரிசு வாங்கியவளாம், கட்டிக்கொண்ட எனக்கே அப்போதுதான் தெரியும்.

உன் பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆவல, மருமக வேட்டி கட்டிக்கினு ஓடறதா? ஊரு சிரிக்காதா?" என்றார். "சிரிக்கத்தானய்யா எடுக்கறோம்" என்றார் மாமா. பெரியப்பாவின் வாயை அடைக்க அவருக்கே போலீஸ்காரன் வேஷத்தைக் கொடுத்துவிட்டார். அவர் உடனே மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். உன் அத்தைக்குத் திருகையில் கேப்பை அரைக்கிற வேஷம். எனக்கு மல்லாட்டை வியாபாரியின் பெண்டாட்டி வேஷம். ஆமாம், சிரித்துக்கொள். உன் அம்மாதான் எனக்குப் புடவை கட்டிவிட்டாள். கொசுவம் சொருகும்போது நான் நெளிந்ததற்கு, "சும்மா நில்லுங்க, பொம்பளன்னா கொஞ்சம் அடக்கம் வேணும்" என்றாள். அவளுக்கு மீசை மாமா தயார் செய்தார். பழைய சவுரி முடியைக் கத்தரித்து, வேப்பம் பிசின் தடவி, மூக்குக்குக் கீழிருந்து கன்னம் வரைக்கும் ஒட்டினார். தலையில் துண்டைக் கட்டியதும் கண்களைத் தவிர அவள் முகத்தில் எதுவும் மிச்சமில்லை.

படம் இதுதான். திருடன் மூட்டையோடு ஓடுகிறான். கேப்பை அரைக்கிற பெண்ணை அப்படியே தாண்டிக் குதிக்கிறான். வியாபாரி பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். களத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தல். கடைசியில் போலீஸ்காரன் எட்டிப் பிடிக்கிறான். பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் மாமா சொன்ன முடிவு. ஆனால் ஓடி ஓடி வியர்த்ததில் பிசின் இளகிவிட்டது. பெரியப்பா கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார், மீசை அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. கையில் மீசையை வைத்துக்கொண்டு அவர் திருதிருவென்று முழித்தார். அதைப் பார்த்து உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, கண்ணைத் துடைத்து, கேமராவைப் பார்த்து, மறுபடியும் சிரித்தாள். மாமா கேமராவை நிறுத்தவே இல்லை. பிலிம் தீர்கிற வரைக்கும் அவள் சிரித்தாள்.

பிரான்சுக்குப் போய்க் கழுவி வந்த சுருளை ஒரு சாயங்காலம், களத்துச் சுவரில் தாத்தாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினார். மாமாவின் மிஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம், எங்கள் சிரிப்புச் சத்தம், படத்துக்குச் சத்தமே இல்லை. வீடியோவுக்கு ஒத்துக்கொள்ளாத உன் தாத்தாதான் இருமி இருமிச் சிரித்தார். "இன்னோரு தபா போடுங்க" என்றார். இரண்டாம் தடவை கேப்பைத் திருகையைத் தாண்டுகிற இடத்திலேயே மிஷினின் பல்பு போய்விட்டது. அந்தப் பல்பு இங்கே எங்கேயும் கிடைக்காது. மாமா மிஷினைப் பிரான்சுக்கு எடுத்துப் போனார், போன இடத்தில் காலமாகிவிட்டார். மிஷினும் வரவில்லை, பல்பும் வரவில்லை. சுருள் மட்டும் தகர டப்பாவில் பரண்மேல் கிடந்தது. உன் அம்மா சிரித்ததைப் படமாக நாங்கள் பார்த்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.

இனி வருவதை நீ உன் வருங்கால மாமியார் வீட்டில் சொல்லாதே, நம்மைப் பைத்தியம் என்பார்கள். தாத்தா போன பிறகு பாகம் பிரித்தோம். நிலம், வீடு, களம், அண்டா, குண்டான் என்று எல்லாம் பிரித்து முடித்த பிறகு பரணிலிருந்து இந்த டப்பா இறங்கியது. ஓட்டிப் பார்க்க மிஷின் இல்லை. யாரிடம் இருப்பது? "பொதுவுல எதுவும் இருக்கக்கூடாது, அதான் பின்னால பேஜாராவும். அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்களுக்கு" என்றார் பெரியப்பா. பாகம் பிரிக்க வந்த பெரியவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது, அதுதான் வேடிக்கை. சுருளை வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கி, கத்தரிக்கோலால் வெட்டினோம். நான் புடவையில் இருக்கிற துண்டு எனக்கு. போலீஸ்காரன் வருகிற கடைசித் துண்டு பெரியப்பாவுக்கு. உன் அத்தை முன்னால் வந்து, "நெலத்துலதான் எனக்குப் பங்கு இல்லன்னுட்டீங்க, மூஞ்சியிலயாவது குடுங்க" என்று கையை நீட்டினாள். அவளுக்கும் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தோம். யார் முகமும் இல்லாத துண்டுகள், திருடன் தனியாகத் தூரத்தில் ஓடுகிற துண்டுகள், கீழே விழுந்து கிடந்தன. யாரும் கேட்கவில்லை. உன் அம்மாதான் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள். நீ அப்போது அவள் வயிற்றில் இருந்தாய். "உனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கோயேன்" என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "எல்லார் துண்டுலயும் நான் ஓடிக்கினுதானே இருக்கேன், எனக்குத் தனியா எதுக்கு?" என்றாள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். களத்துக்குப் போகிற வழி யாருடையது என்று எனக்கும் பெரியப்பாவுக்கும் வாய்த் தகராறு வந்தது. நான் விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன், அவர் விக்கிரவாண்டியில் நிலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீ நடை பழகிய வருடத்தில் மஞ்சள் காமாலை வந்து, என்னவென்று புரிவதற்குள் உன் அம்மா போய்விட்டாள். பெரியப்பா வந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார், என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நானும் பேசவில்லை. அதன்பிறகு சாவிலும் கல்யாணத்திலும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அவள் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரே இலையில் உட்கார வைத்திருப்பாள். பெரியம்மாவுக்கு டைபாய்டு வந்தபோது அந்த வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தவள் அவள்.

நீ ஐந்து செகண்டு கேட்டாய் அல்லவா? மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். என் துண்டு நம் டிரங்குப் பெட்டியில், அவளுடைய கல்யாணப் புடவை மடிப்பில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணத்துக்கு பஸ் பிடித்து உன் அத்தை வீட்டுக்குப் போனேன். நான் விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவள் சாமி மாடத்துக்குப் போய் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். "நீ ஒரு நாளு கேட்டுக்கினு வருவேன்னு தெரியும் அண்ணே. தெனம் வெளக்கு வெக்கச்சொல்ல அண்ணிய எடுத்து ஒரு தபா வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் வெப்பேன்" என்றாள். புகை பட்டுப் பழுப்பாகியிருந்தது, ஒரு ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஆனால் படம் அப்படியே இருந்தது. கேப்பை அரைக்கிற பெண்ணுக்கு மேலே, காற்றில், வேட்டி பறக்க ஒரு திருடன். கொடுக்கும்போது உன் அத்தை, "பிரிண்டு போட்டுக்கினு திருப்பிக் குடுத்துடணும், ஆமா" என்று கறாராகச் சொன்னாள். பங்கு பங்குதான்.

திண்டிவனத்தில் இன்னொரு ஸ்டுடியோக்காரர் இருக்கிறார். இரண்டு துண்டையும் விளக்குப் பலகைமேல் வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் கோத்து ஓட்டிக் காட்டினார். கடையில் நின்றுகொண்டே பார்த்தேன். திருடன் தாண்டினான். திருடன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். முடிந்துவிட்டது. மறுபடியும் போடச் சொன்னேன், மறுபடியும் போடச் சொன்னேன். "யாருங்க இந்த மீசைக்காரரு, உங்க தம்பிங்களா?" என்று கேட்டார் அந்த மனுஷன். என் வீட்டுக்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஒரு டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ கேட்ட ஐந்து செகண்டு கிடைத்துவிட்டது, தம்பி. ஆனால் மண்டபத்தில் அதைப் போட்டால், இதுதான் மாப்பிள்ளையின் அம்மா என்று யார் நம்புவார்கள்? நீயே நம்புவாயா? மீசை விழுகிற துண்டு வேண்டும். அது விக்கிரவாண்டியில் இருந்தது.

எப்படியும் பங்காளி வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். டோல்கேட் தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கிற சாப்பாட்டுக் கடையை ஒட்டி இருக்கிறது அவர் வீடு, கடை அவர் பிள்ளையுடையது. பெரியப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மீசை மட்டும் போலீஸ்காரன் மீசைதான், வெள்ளையாகிவிட்டது. நான் தட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "ஒக்காரு" என்றார். முப்பது வருடத்துக்கு அந்த ஒரு சொல் போதுமா என்று எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டதைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பீங்கான் ஜாடி. வாயைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது.

"பூச்சி, காத்து எதுவும் பூரக்கூடாதுன்னு மெழுகு வெச்சு அடச்சேன்டா. அவ போனன்னிக்கு வூட்டுக்கு வந்து அடச்சது. தொறந்து பாக்க எனக்குத் தெகிரியம் வரல" என்றார். கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். குப்பென்று புளிச்ச வாடை. உள்ளே பிலிம் சுருண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, புளி உருண்டை மாதிரி ஒரு கட்டியாகக் கிடந்தது. அந்த மாதிரி பிலிமைக் காற்றுப் போகாமல் அடைத்து வைத்தால் அதன் ஆவியே அதைத் தின்றுவிடும் என்று ஸ்டுடியோக்காரர் பிற்பாடு சொன்னார். அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. பெரியப்பா நகத்தால் ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார், அது பொடியாக உதிர்ந்தது. "பத்திரமா வெச்சிருந்தேனேடா... பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. தாத்தா செத்தபோதுகூட அழாதவர். நான் போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஒளிக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். உன் அத்தை தினமும் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள், புகையும் குங்குமமும் பட்டது, ஆனால் அவள் துண்டு பிழைத்தது. பெரியப்பா மூடி வைத்தார், போய்விட்டது. அந்தப் பெண்மேல் உனக்கு ஆசை இருந்தால் அதை ஜாடியில் போட்டு வைக்காதே. வாயைத் திறந்து சொல், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல், அவள் சிரித்தால் நின்று பார். நான் உன் அம்மாவிடம் அதிகம் சொன்னதில்லை. காலம் கிடக்கிறது என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் மற்றவர்களுக்கு டைம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு டைம் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு பெரியப்பா சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். "உன் புள்ள காலேஜு படிக்கச்சொல்ல ஒரு தபா மீசைய எடுத்துட்டிருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தான். கூட இருந்த பசங்க என்னமோ சொன்னானுங்க, வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான். நான் பஸ்ஸுல ஜன்னலாண்ட ஒக்காந்திருந்தேன். அவதான்னு நெனச்சு எறங்கிட்டேன்டா. கண்டக்டரு திட்டறான், எனக்குக் காதுலயே உழல. கிட்ட வந்தப்பறந்தான் உன் புள்ளன்னு தெரிஞ்சுது. பேசலாமா வாணாமான்னு நின்னுக்கினே இருந்தேன், அவனுங்கள்லாம் பஸ் ஏறிட்டானுங்க" என்றார். அது எந்த நாள் என்று கேட்டேன், சொன்னார். அதே நாள்தான், தம்பி. காலேஜ் டிராமாவில் பெண் வேஷம் போட மீசையை எடுத்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தாய். எதிரில் சாப்பிட உட்கார்ந்தாய். ரசம் ஊற்றச் சொல்லி ஏதோ கேலி பேசிச் சிரித்தாய். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை மீசையை எடுக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் உன்னைத் திட்டினார். அதனால்தான் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து மீசைமேல் நீ கத்தி வைத்ததே இல்லை. கோபம் இல்லை. என் எதிரில் உட்கார்ந்து அவள் ரசம் கேட்டாள், என்னால் தாங்க முடியவில்லை. ஒரே நாளில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவளைப் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். அப்பன் செத்தால்தான் பிள்ளைக்கு மொட்டை அடித்து மீசையை எடுப்பார்கள். என் காரியத்தன்று உனக்கும் எடுப்பார்கள். அன்றைக்கு நீ கண்ணாடி பார்த்தால் அந்தக் கடைசித் துண்டு உனக்குக் கிடைத்துவிடும். ஆனால் அழுத முகமாக இருப்பாய், அவள் அழுத முகமா நமக்கு வேண்டும்? அதோடு, நான் இருக்க மாட்டேன். எனக்கும் ஆசை இருக்கிறது, தம்பி. உனக்காகத்தான் ஊர் ஊராக அலைகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன், பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது, பாதி எனக்காக. அவள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அதனால் கேட்கிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்ய உட்கார வைப்பார்கள். மீசையையும் எடுத்துவிடச் சொல். அப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது இது என்ன அபசகுனம் என்று நாலு பேர் பேசுவார்கள். "எவனாவது பேசட்டும், நான் பாத்துக்கறேன்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஊர் சிரிக்காதா என்று கேட்டவர் அவர்தான், ஞாபகம் வைத்துக்கொள். கல்யாண ஆல்பத்தில் மீசை இல்லாத மாப்பிள்ளையாக இருப்பாய், அதனால் முதலில் அந்தப் பெண்ணிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் மறுபடி கேட்க மாட்டேன். சரி என்றால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடு. திருடன் தாண்டுகிறதும் எட்டிப் பார்க்கிறதும் இருக்கிற வீடியோவை ஸ்டுடியோக்காரர் உன் போனுக்கு அனுப்புவார், அதை முதலில் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார். நானும் பெரியப்பாவும் எதிரில் இருப்போம், மரக்காணத்திலிருந்து உன் அத்தையும் வந்துவிடுவாள். மீசை போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரி. நீயாகச் சிரிக்க வராவிட்டால் பெரியப்பா முழிப்பதைப் பார், தானாக வரும். நாங்கள் யாரும் பேச மாட்டோம், அந்தப் படத்தில் பேச்சே கிடையாது. நாங்கள் பார்த்து முடித்ததும் கண்ணாடியை வாங்கி நீயும் பார். ஐந்து செகண்டு கேட்டாய். மீசை முளைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்.

உன் அப்பா